சொந்தக் காட்டில் தீ வைக்கும் உரிமை: புளோரிடாவின் கதை

ஒருவர் தன் சொந்த நிலத்துக்குத் தானே தீ வைத்தால் அது உரிமையா, குற்றமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் புளோரிடா மாநிலம் நூறு ஆண்டுகளுக்குள் மூன்று வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறது. முதலில் அது யாரும் கேள்வி கேட்காத வழக்கமாக இருந்தது. பிறகு அறியாமை என்றும் காட்டை அழிக்கும் செயல் என்றும் பழிக்கப்பட்டது. 1990இல் அதே செயல் நில உரிமையாளரின் சொத்துரிமை என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. இன்று அங்கே காடு, மேய்ச்சல் நிலம், விளைநிலம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் முறைப்படி அனுமதி வாங்கி எரிக்கிறார்கள். இதை அவர்கள் திட்டமிட்ட எரிப்பு என்கிறார்கள். கரும்பு வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்துவதைப் பார்த்துப் பழகிய நமக்குத் தீ வைப்பது புதிதல்ல. ஆனால் அதற்கு எழுத்தில் திட்டம், பயிற்சிச் சான்றிதழ், காற்றின் ஈரப்பதக் கணக்கு என்றெல்லாம் வைத்திருப்பது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

தீ கேட்கும் மரம்

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் லாங்லீஃப் பைன். பெயருக்கேற்ற நீளமான ஊசி இலைகள் கொண்டது. வர்ஜீனியாவில் தொடங்கி டெக்சாஸ் வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் இந்த மரக்காடு ஒரு காலத்தில் பரந்து கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிஞ்சியது சுமார் 30 லட்சம் ஏக்கர்தான். மரம் வெட்டியதும் உழவும் வீட்டு மனைகளும் இதற்கு முக்கியக் காரணம். தீயை நிறுத்தியதும் ஒரு காரணம் என்பதுதான் வேடிக்கை.

இந்த மரத்தின் கன்று முதல் சில ஆண்டுகளுக்கு மரம் போலவே இருக்காது. தரையோடு தரையாக, புல் கொத்து மாதிரி உட்கார்ந்திருக்கும். வேர் மட்டும் கீழே ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கும். நுனி மொட்டைச் சுற்றி ஊசி இலைகள் அடர்த்தியாக மூடியிருப்பதால், மேலாகத் தீ ஓடினாலும் இலைகள் கருகுமே தவிர மொட்டு பிழைத்துக்கொள்ளும். பக்கத்தில் முளைத்து நிழலடிக்கப் பார்க்கும் ஓக் கன்றுகளின் தண்டு கருகிவிடும். அதோடு தரையில் சருகு மெத்தை போலக் கிடந்தால் பைன் விதையின் வேர் மண்ணைத் தொடாது. எனவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லிய தீ ஓடுவது இந்தக் காட்டுக்குத் தேவை. அந்தத் தீயை முதலில் மூட்டியது மின்னல். பிறகு பழங்குடி மக்கள் மூட்டினார்கள். அவர்களுக்குப் பின் வந்த வெள்ளையரும் கறுப்பினத்தவருமான குடியானவர்கள் அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்குத் தீ வைக்கப் பல காரணங்கள் இருந்தன. எரிந்த இடத்தில் சில நாட்களில் இளம்புல் தளிர்க்கும். உண்ணிகளும் பாம்புகளும் ஒழியும் என்றும் நம்பினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளோரிடாவில் 1949 வரை மாடுகள் வேலியில்லாமல் எங்கும் மேயலாம். மேய்ப்பவர் ஒருவர், நிலத்துக்காரர் வேறொருவர். அதனால் மாட்டுக்காரர்கள் கொளுத்தியதில் பெரும்பகுதி அவர்களுடைய நிலமே அல்ல! மரக் கம்பெனிகளும் தூரத்து ஊர்களில் இருந்த சொந்தக்காரர்களும் வைத்திருந்த காடுகள் அவை. யாருக்கும் திட்டம் கிடையாது, தடுப்புக் கோடு கிடையாது. வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வனத்துறையினர் இதை வெறுத்ததற்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தீ ஒரு பாவம் ஆன காலம்

1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் வடமேற்கில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த அமெரிக்க வனத்துறை அந்த அதிர்ச்சியிலிருந்து ஒரு பாடம் கற்றது: எந்தத் தீயாக இருந்தாலும் அணை. வடமேற்கின் மலைக்காட்டுக்குச் சொன்ன பாடத்தைத் தெற்கின் சமவெளிக் காட்டுக்கும் அப்படியே பொருத்தினார்கள். 1924இல் வந்த கிளார்க்-மெக்நேரி சட்டம், தீயைத் தடுக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசின் பணம் கிடைக்க வழி செய்தது. 1927இல் புளோரிடாவும் தனக்கென ஒரு வனவாரியத்தை அமைத்துக்கொண்டது.

1928 முதல் மூன்றாண்டுகள் அமெரிக்க வனவியல் சங்கம் தெற்கு மாநிலங்களில் ஒரு பெரும் பிரசாரம் நடத்தியது. படம் காட்டும் கருவியை லாரியில் ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போய், தீ வைப்பது எவ்வளவு கெட்டது என்று படம் போட்டுக் காட்டினார்கள். மின்சாரமே எட்டாத ஊர்களில் இலவசமாக சினிமா காட்டினால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் படம் பார்த்துவிட்டுப் போனவர்கள் அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் கொளுத்தினார்கள். கடைசியில் வனத்துறை ஓர் உளவியலாளரையே அனுப்பி, இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று விசாரிக்கச் சொன்னது. ஜான் ஷே என்ற அவர் 1940இல் எழுதிய கட்டுரை, இது பழக்கமும் பொழுதுபோகாமையும் சேர்ந்த ஒன்று என்கிற தொனியில் முடிந்தது. அந்த மக்களுக்குக் காடு பற்றி ஏதாவது தெரிந்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த விசாரணையில் இடம்பெறவில்லை.

காடைகள் சொன்ன சாட்சி

மாற்றம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ஜார்ஜியாவின் தாமஸ்வில் நகருக்கும் புளோரிடாவின் தலைநகர் டாலஹாசிக்கும் இடையே ரெட் ஹில்ஸ் என்ற பகுதி இருக்கிறது. வடக்கத்திய பணக்காரர்கள் அங்கே பெரிய தோட்டங்களை வாங்கிக் காடை வேட்டைக்குப் பயன்படுத்தி வந்தார்கள். 1920களில் காடைகள் குறையத் தொடங்கின. காரணம் கண்டுபிடிக்க, தோட்டக்காரர்களே பணம் கொடுக்க, 1924இல் அரசு ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதற்கு வந்தவர் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். ஆனால் சிறுவயதில் சில ஆண்டுகள் புளோரிடாவில் வளர்ந்தவர். மாட்டுக்காரர்கள் காட்டைக் கொளுத்துவதைக் கண்ணால் பார்த்தவர்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். தீயை நிறுத்திய இடங்களில் புதர் மண்டிவிட்டது. காடைக்கு வேண்டிய விதைச் செடிகளும் தரையில் நடக்க இடமும் இல்லாமல் போய்விட்டன. தோட்டங்களில் குத்தகைக்குப் பயிரிட்ட கறுப்பின விவசாயிகள் சிறு சிறு துண்டாக எரித்து வந்த இடங்களில் காடைகள் நன்றாக இருந்தன. 1931இல் வெளிவந்த அவருடைய காடை நூலில் தீ பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. வனத்துறையின் எதிர்ப்பால் அதை அவர் பலமுறை திருத்தி எழுத வேண்டியிருந்தது.

அதன்பின் நடந்தவற்றில் ஒரு முரண் இருக்கிறது. 1943இல் அமெரிக்க வனத்துறை தெற்கின் தேசியக் காடுகளில் திட்டமிட்ட எரிப்பை அனுமதித்தது. புளோரிடாவின் ஒசியோலா தேசியக் காடு அதில் முன்னோடி. அடுத்த ஆண்டே, 1944இல், தொப்பி போட்ட ஸ்மோக்கி என்ற கரடியை அதே வனத்துறை விளம்பரப் படங்களில் உலவவிட்டது. காட்டுத் தீயைத் தடுக்கச் சொன்ன அந்தக் கரடி நாடு முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்தது. ஒசியோலாவில் வனத்துறையே தீ வைத்தது யாருக்குத் தெரியும்? ஸ்டாடர்டும் அவருடைய கூட்டாளிகளும் 1958இல் டாலஹாசிக்கு வடக்கே டால் டிம்பர்ஸ் என்ற ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். 1962 முதல் தீயின் சூழலியல் பற்றியே அங்கு மாநாடுகள் நடந்தன.

பக்கத்து வீடு வந்த பிறகு

அறிவியல் ஒரு பக்கம் வென்றுகொண்டிருந்தபோது இன்னொரு பக்கம் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1950இல் புளோரிடாவின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். 1990இல் அது 1 கோடியே 29 லட்சம். காட்டை மனைகளாகப் பிரித்து, மாநிலத்தைப் பார்த்தேயிராத தூரத்து ஆட்களுக்கு விற்றார்கள். அந்த மனைகளில் புதர் வளர்ந்தது. எரிக்க ஆள் இல்லை. 1977இல் வந்த ஒரு சட்டம், உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு அப்படிப்பட்ட ஆபத்தான நிலங்களை மாநில வனப்பிரிவே எரிக்கலாம் என்றது. 1985 மே மாதம் பாம் கோஸ்ட் என்ற புது நகரில் காட்டுத் தீ புகுந்து 131 வீடுகளை அழித்தது.

எரிக்க நினைத்த நிலத்துக்காரருக்கும் பயம். தீ எல்லை தாண்டினால் யார் பணம் கட்டுவது? 1990இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நிலத்தைச் சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரரிடம் விட்டார் ஒருவர். ஒப்பந்தக்காரர் வைத்த தீ அடுத்தவர் நிலத்துக்குப் பரவியது. தீ வைப்பது இயல்பிலேயே ஆபத்தான வேலை, ஆகவே ஒப்பந்தக்காரர் செய்த தவறுக்கு நில உரிமையாளரும் பொறுப்பு என்றது நீதிமன்றம். சட்ட நோக்கில் இது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனால் இந்தச் சூழலில் எந்த உரிமையாளர் துணிந்து தீக்குச்சியைக் கிழிப்பார்?

அதே 1990இல் புளோரிடா சட்டமன்றம் திட்டமிட்ட எரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் இந்த வகையில் இதுதான் முதல் சட்டம். திட்டமிட்ட எரிப்பு பொதுநலனுக்கு உகந்தது, அது நில உரிமையாளரின் சொத்துரிமை, காற்று மாசு விதிகளை மீறாதவரை அதைத் தொல்லை என்று சொல்லி வழக்குப் போட முடியாது என்று அது அறிவித்தது. விதிகளைப் பின்பற்றியவர் மீது, கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் ஒழிய, நஷ்டஈடு விழாது.

விதிகள் என்ன?

இந்தப் பாதுகாப்பு இலவசமாகக் கிடைப்பதல்ல. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய எரிப்பு மேலாளர் ஒருவர், தீ வைத்தது முதல் வேலை முடியும் வரை அதே இடத்தில் இருக்க வேண்டும். எழுதிய எரிப்புத் திட்டம், அனுமதி கேட்பதற்கு முன்பே தயாராகி அவர் கையில் இருக்க வேண்டும். நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். தடுப்புக் கோடுகளும் போதுமான ஆட்களும் கருவிகளும் வேண்டும். மாநில வனப்பிரிவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் மாதக்கணக்கில் செல்லுபடியாகும் பர்மிட் அல்ல. வானிலையைப் பார்த்து அந்தந்த நாளுக்குக் கொடுப்பது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சட்டத்தின் குடை விலகிவிடும்.

எரிப்புத் திட்டம் என்பது மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு மாதிரி. நிலத்தில் என்ன கிடக்கிறது, எவ்வளவு காய்ந்திருக்கிறது, எந்தத் திசைக் காற்று வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தெற்குக் காடுகளுக்கான வனத்துறைக் கையேடு சொல்லும் அளவுகள் சுவையானவை. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் தீ கைமீறும். மேலே போனால் சரியாக எரியாமல் புகைதான் மிஞ்சும். மரங்களுக்கு நடுவே காற்று மணிக்கு 1 முதல் 3 மைல் வேகத்தில், ஒரே திசையில் வீச வேண்டும். புதிதாக வருபவர்கள் காற்றே இல்லாத நாள்தான் பாதுகாப்பானது என்று நினைப்பார்கள். உண்மையில் அதுதான் ஆபத்து. காற்று இல்லையென்றால் வெப்பம் நேராக மேலெழுந்து மரத்தின் தலையைக் கருக்கும். அதோடு தீ எந்தப் பக்கம் திரும்பும் என்றும் சொல்ல முடியாது.

தீ வைக்கும் முறையிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு மூலையில் சிறிதாக மூட்டிப் பார்ப்பார்கள். புகையும் தீயும் எதிர்பார்த்தபடி போகவில்லையென்றால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். சரியாக இருந்தால், காற்று போய்ச்சேரும் ஓரத்தில், உழுது வைத்த தடுப்புக் கோட்டை ஒட்டித் தீ வைப்பார்கள். அந்தத் தீ காற்றை எதிர்த்து மெதுவாகப் பின்னோக்கி ஊரும். அது கொஞ்ச அகலத்துக்குக் கரிநிலம் ஆக்கிய பிறகுதான், தேவையானால் காற்றோடு ஓடும் வேகமான தீயை எதிர்முனையில் மூட்டுவார்கள். அந்தத் தீ ஓடிவந்து கரிநிலத்தில் முட்டி நின்றுவிடும். அவசரப்பட்டு இந்த வரிசையை மாற்றினால் தீ தடுப்புக் கோட்டைத் தாண்டிவிடும்.

வீட்டுத் தோட்டக் குப்பைக்கும் கணக்கு உண்டு. 8 அடிக்குக் குறைவான விட்டமுள்ள சிறு குவியலுக்கு மாநில அனுமதி தேவையில்லை. ஆனால் காட்டிலிருந்தும் சொந்த வீட்டிலிருந்தும் 25 அடி, தார் ரோட்டிலிருந்து 50 அடி, மற்றவர் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 அடி தள்ளியிருக்க வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். உள்ளூராட்சி இன்னும் கடுமையான விதி வைத்திருந்தால் அதுதான் செல்லும்.

சட்டத்தில் இன்னொரு நுணுக்கம், "அணைந்தது" என்றால் என்ன என்பது. காட்டு நிலத்தில் பரவும் தீ இல்லாவிட்டால் அணைந்ததாகக் கொள்ளலாம். அங்கங்கே கட்டை புகைந்தால் பரவாயில்லை. குவித்து எரிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் சுவாலையே இருக்கக் கூடாது. புகையால் பாதிப்பு வரக்கூடியது என்று குறிக்கப்பட்ட இடங்களில் குவியலிலிருந்து புகைகூட வரக் கூடாது. ஒரே சொல்லுக்கு மூன்று பொருள்! வக்கீல்கள் விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது.

1998ம் அதற்குப் பிறகும்

1998 கோடையில் புளோரிடாவே எரிந்தது என்று சொல்லலாம். ஏறத்தாழ 2,300 தீ, சுமார் 5 லட்சம் ஏக்கர். ஃபிளாக்லர் மாவட்டம் முழுவதையும், ஏறக்குறைய 45,000 பேரை, வெளியேறச் சொன்னார்கள். டேடோனாவில் ஜூலையில் நடக்க வேண்டிய புகழ்பெற்ற கார் பந்தயம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. பிற்பாடு ஒசியோலா காட்டில் செய்த ஆய்வில், அண்மையில் திட்டமிட்டு எரித்த பகுதிகளில் மரங்கள் குறைவாகவே செத்திருந்தது தெரிந்தது. மறுஆண்டே சட்டமன்றம் சட்டத்தை இன்னும் தளர்த்தியது. சான்றிதழ் பெற்ற எரிப்பில் இனிச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் நஷ்டஈடு. காற்று திடீரென்று திரும்பித் தீ வேலியைத் தாண்டினால் அது ஒன்று. காற்று பலமாகும் என்று தெரிந்தே, ஆள் போடாமல் கொளுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் அது வேறு. தீயால் இழப்பு அடைந்த பக்கத்து நிலத்துக்காரருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு ஆறுதல் தரும் என்பது தனிக் கேள்வி.

தீயைவிடப் புகை கொடியது என்பதை 2008 ஜனவரி 9 காட்டியது. மாநிலத்தின் ஓர் அரசுத் துறை முந்தைய நாள் வைத்த திட்டமிட்ட தீ எல்லை தாண்டிவிட்டது. அதன் புகை விடியற்காலைப் பனிமூட்டத்தோடு கலந்து, போல்க் மாவட்டத்தில் ஐ-4 நெடுஞ்சாலையை மூடியது. எதிரே எதுவும் தெரியாமல் சுமார் 70 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. உயிர்கள் போயின. ஈரச் சருகின் புகையும் குளிர்ந்த இரவும் பள்ளமான இடமும் சேர்ந்தால் இப்படி ஆகும். அதனால்தான் எரிப்புத் திட்டம் எழுதுபவர்கள் வரைபடத்தில் காற்று போகும் பக்கம் விசிறி போலக் கோடு போட்டு, அதற்குள் நெடுஞ்சாலை, மருத்துவமனை, விமான நிலையம், பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புகை மேலெழுந்து கலைய, காற்று கலக்கும் உயரம் குறைந்தது 1,700 அடியாவது இருக்க வேண்டும் என்கிறது கையேடு.

புளோரிடாவைப் பார்த்து ஜார்ஜியா 1992இல் இப்படியொரு சட்டம் செய்தது. தெற்கின் மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. மேற்கே தயக்கம் நீடித்தது. 2022இல் நியூ மெக்சிகோவில் நடந்தது அந்தத் தயக்கத்துக்குத் தீனி போட்டது. ஏப்ரலில் வனத்துறை வைத்த ஒரு திட்டமிட்ட தீ கைமீறியது. அதே மலையில் ஜனவரியில் கொளுத்திய மரக்கழிவுக் குவியல் ஒன்று குளிர்காலம் முழுவதும் அடியில் கனன்று, வசந்தக் காற்றில் வெளியே வந்தது. இரண்டும் சேர்ந்து 3,40,000 ஏக்கருக்கும் மேல் எரித்தன. அந்த மாநில வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய காட்டுத் தீ. தன் எரிப்புகளில் 99.84 சதவீதம் திட்டப்படியே முடிகின்றன என்று வனத்துறை அப்போது சொன்னது. வீடு இழந்தவர்களிடம் போய்ச் சொல்லக்கூடிய புள்ளிவிவரம் அல்ல அது.

கலிபோர்னியா 2021இல்தான், புளோரிடாவுக்கு 22 ஆண்டுகள் கழித்து, இந்த விதியை ஏற்றது. அங்கேயும் மிகக் கடுமையான கவனக்குறைவு இல்லாவிட்டால் தீயணைப்புச் செலவைச் சான்றிதழ் பெற்ற எரிப்பாளரிடம் கேட்க முடியாது. தலைமுறை தலைமுறையாக எரித்து வந்த பழங்குடியினரின் எரிப்புக்கும் அந்தச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஆனால் சட்டம் வந்தும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாலிசி கொடுக்க முன்வரவில்லை. 2023இல் மாநில அரசே 2 கோடி டாலர் நிதியை ஒதுக்கி, தனியார் எரிப்பில் நேரும் இழப்புக்குத் தான் பொறுப்பேற்கும் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.